எப்போ நிக்குது?

ஓடுகிற கார் நடுரோட்டில் நின்றுபோவதில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று, இருமித் தும்மி, நாலு குலுக்குக் குலுக்கி, 'போறேன், போறேன்' என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு நிற்பது. இன்னொன்று, ஒரு வார்த்தை சொல்லாமல், ஸ்விட்சை அணைத்த மாதிரி நிற்பது. முதலாவது என்றால் பெட்ரோல் தகராறு. இரண்டாவது என்றால் கரண்ட் தகராறு. பழைய கார் மெக்கானிக்குகளுக்கு இது பாலபாடம். எல்லா நேரமும் பலிக்காது. ஆனால், எந்தப் பக்கத்திலிருந்து தேட ஆரம்பிப்பது என்று தெரிந்துகொள்ள இது போதும்.

எங்கள் வீட்டு அம்பாஸடர் இரண்டாவது ரகத்தில் சேர்ந்தது 2024 ஜூன் மாதத்தில்.

1984-ம் வருஷத்து மார்க் 4. அப்பா 1991-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அரசாங்க ஆபீஸில் கணக்குப் பிரிவில் இருந்து ரிடையர் ஆனவர். கார் வாங்கிய நாளிலிருந்து எத்தனை லிட்டர் பெட்ரோல், மீட்டரில் எத்தனை கிலோமீட்டர், என்றைக்குக் காற்று அடித்தது என்று சின்ன டைரியில் எழுதிவருகிறவர். அந்த வருஷம் அவருக்கு வயது 79. நங்கநல்லூரிலிருந்து அம்மாவை முட்டிவலி டாக்டரிடம் கூட்டிப்போவது, மார்க்கெட், கோயில், கல்யாணம் எல்லாம் அந்த வண்டியில்தான்.

ஜூனில் ஆரம்பித்தது. சிக்னல் வரும்போது நின்றுவிடும். சில சமயம் உடனே ஸ்டார்ட் ஆகும். சில சமயம் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். எங்கள் ஏரியாவில் ஒரு ஒர்க்ஷாப்பில் விட்டார். அவர்கள் ஓட்டிப் பார்த்தபோது நிற்கவே இல்லை. இருந்தாலும் பிளக் மாற்றினார்கள். அப்புறமும் நின்றது. காயில், கண்டென்சர், பாயின்ட் மாற்றினார்கள். நின்றது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ரோட்டர், பிளக் வயர்கள் மாற்றி, கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவி மாட்டினார்கள். மொத்த பில் ஒன்பதாயிரத்துச் சொச்சம். அதற்கு மறுவாரமும் நின்றது.

தெருவில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் திட்டம் 2023-ல் தொடங்கியதிலிருந்து, பழைய வண்டி எதற்காக நின்றாலும் பழி எத்தனாலுக்குத்தான். பழைய ரப்பர் குழாய்களுக்கு அது ஆகாது என்பது உண்மைதான். ஆனால், இருமாமல் தும்மாமல் நிற்கிற வண்டிக்கு அது பொருந்தவில்லை.

ஆகஸ்ட்டில் கத்திப்பாரா மேம்பாலத்தில் நின்றது. முன்னால் போன லாரி வேகத்தைக் குறைக்க, அப்பாவும் குறைத்திருக்கிறார். அவ்வளவுதான், இன்ஜின் ஊமையாகிவிட்டது. பின் சீட்டில் அம்மா. பின்னாலேயே பஸ். டிரைவர் சுதாரித்துப் பிரேக் போட்டதால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பைக்கில் வந்த இரண்டு பையன்கள் இறங்கித் தள்ளி ஓரம் சேர்த்திருக்கிறார்கள்.

மறுநாள் ஒர்க்ஷாப் பையன் வந்து பார்த்தான். ஒரு ரவுண்டு ஓட்டினான். வண்டி ஜம்மென்று ஓடியது. இறங்கி வந்து அத்தானை ஓரமாகக் கூப்பிட்டு, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்: "வண்டில ஒண்ணும் இல்ல சார். எல்லாமே புதுசு. பெரியவருக்குத்தான் கிளட்ச் கன்ட்ரோல் போயிடுச்சு."

அத்தான் கெட்டவர் இல்லை. அக்கறையில்தான் சொன்னார். "மாமா, போதும் மாமா. போன்ல தட்டினா வண்டி வாசலுக்கு வருது. இதைப் புதுப்பேட்டைக்காரன்கிட்ட எடைக்குப் போட்டுடலாம்."

அம்மா மட்டும், "முப்பது வருஷமா பக்கத்துல உக்காந்து வரேன். அவர் கால் எப்பவும் போலத்தான் இருக்கு" என்றார். அதை யாரும் தொழில்நுட்பக் கருத்தாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்பா பதில் பேசவில்லை. சாவியைக் கொண்டுபோய் டி.வி. மேல் வைத்தார். அடுத்த நாளிலிருந்து மார்க்கெட்டுக்கு ஷேர் ஆட்டோவில் போனார். சாப்பாட்டில் உப்புக் கம்மி என்று சொல்வதைக்கூட நிறுத்திவிட்டார். வயதானவர்களிடம் 'உங்களால் முடியாது' என்று சொல்லும்போது, முடியாமல் போவது நாம் சொன்ன அந்த ஒரு வேலை மட்டும் இல்லை.

எடைக்குப் போடுவதானாலும் இன்னொரு மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு முடிவு செய்வோம் என்றேன். பத்திரிகையில் இருப்பதில் ஒரு சௌகரியம், எந்த விஷயத்துக்கும் ஓர் ஆள் தெரிந்த ஆள் இருப்பார். எங்கள் போட்டோகிராபர் ஒருவர் மூலமாக ராயப்பேட்டையில் ஒரு சந்துக்குள் பாய் கிடைத்தார். எழுபதை நெருங்கும் வயது. அம்பாஸடர், பியட் தவிர எதையும் தொடமாட்டார். அம்பாஸடர் தயாரிப்பு 2014-லேயே நின்றுபோனது. 'வர்ற வண்டி வந்தா போதும் தம்பி' என்கிற மனுஷர்.

அப்பாவைக் கட்டாயப்படுத்தி அழைத்துப்போனேன். பாய் பானெட்டைத் திறக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு அப்பாவை உட்காரச்சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"எப்போ நிக்குதுங்க ஐயா?"

மூன்று மாதத்தில், ஒன்பதாயிரம் ரூபாய் செலவில், இந்தக் கேள்வியை அப்பாவிடம் யாரும் கேட்டிருக்கவில்லை. 'என்ன கம்ப்ளெய்ன்ட்?' என்று கேட்டார்கள். 'நிக்குது' என்றார். எழுதிக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

அப்பா சட்டைப் பையிலிருந்து டைரியை எடுத்தார். பெட்ரோல் கணக்குக்கு நடுவே பதினொரு வரிகள். தேதி, இடம், கிளம்பி எத்தனை நிமிஷம், வெயிலா மழையா, உடனே ஸ்டார்ட் ஆனதா, காத்திருக்க வேண்டியிருந்ததா, கால் எதில் இருந்தது. எல்லாம் இருந்தது. பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஸ்கேன் ரிப்போர்ட் படிக்கிற டாக்டர் மாதிரி படித்தார்.

இந்த இடத்தில், அவர் தலைக்குள் என்ன ஓடியது என்று புரிய வேண்டுமானால், பழைய காரில் பொறி எப்படிப் பிறக்கிறது என்று கொஞ்சம் தெரிய வேண்டும்.

பேட்டரியில் இருப்பது 12 வோல்ட். பிளக்கின் முனையில் பொறி தாவ வேண்டுமானால் பல ஆயிரம் வோல்ட் வேண்டும். பன்னிரண்டை ஆயிரக்கணக்கில் பெருக்கும் வேலையைச் செய்வது காயில். அதற்குள் சில நூறு சுற்று தடித்த கம்பியும், பல ஆயிரம் சுற்று மெல்லிய கம்பியும் இருக்கும். தடித்த கம்பியில் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது பட்டென்று அறுத்தால், மெல்லிய கம்பியில் பெரிய வோல்ட்டேஜ் எகிறும். வேகமாக ஓடும் தண்ணீரைச் சட்டென்று அடைத்தால் குழாய் 'டங்' என்று அதிருமே, ஏறக்குறைய அந்தக் கதை.

அறுக்கிற வேலை பாயின்ட்டுக்கு. டிஸ்ட்ரிபியூட்டர் என்ற கிண்ணத்துக்குள் இருக்கும் இரண்டு சின்ன உலோகப் பொட்டுகள். முழுசாகத் திறந்தாலும் இடைவெளி 0.4 மில்லிமீட்டர் அளவுதான். அவை மூடினால் கரண்ட் ஓடும்; திறந்தால் அறும். அந்த நொடியில் பொட்டுகளுக்கு நடுவே பொறி தாவி அவற்றைக் கரித்துவிடாமல் காப்பது கண்டென்சர். எந்த சிலிண்டருக்குப் பொறி போக வேண்டும் என்று பங்கிடுவது ரோட்டரும் மூடியும். நாலு சிலிண்டர் இன்ஜின் நிமிஷத்துக்கு 3,000 சுற்று சுற்றினால் 6,000 பொறி வேண்டும். அதாவது ஒரு செகண்டுக்கு நூறு. ஒவ்வொன்றுக்கும் அந்தப் பொட்டுகள் ஒருமுறை திறந்து மூட வேண்டும்.

சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்க இன்ஜினீயர் உருவாக்கிய ஏற்பாடு இது. 1910 மாடல் காடிலாக் கார்களில் வந்தது. 1984-ல் தயாரான எங்கள் வண்டியிலும் அடிப்படை அதேதான். இதில் உள்ள எல்லாவற்றையும் கண்ணால் பார்க்கலாம், கையால் தொடலாம். அதனால்தான் 'எதையாவது மாற்றிப் பார்ப்போம்' என்கிற ஆசையும் சுலபமாக வருகிறது.

பாய் டைரியை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராக விடுதலை செய்தார்.

"இருமாம நின்னிருக்கு, ஸ்டார்ட் ஆனதும் நல்லா ஓடியிருக்கு. பெட்ரோல் இல்ல. காயில் சூடாகிப் போச்சுன்னா அரை மணி, முக்கால் மணி ஓடினப்புறம் போகும், ஆற விடணும். இது கிளம்பின எட்டாவது நிமிஷமும் நின்னிருக்கு, உடனே ஸ்டார்ட்டும் ஆகியிருக்கு. மூடியில விரிசல்னா மழை நாள்ல ரொம்பப் படுத்தும். இங்க வெயில்லதான் ஜாஸ்தி. கண்டென்சர் போனா பாயின்ட் கருகும், ஸ்டார்ட் பண்றதே பெரும்பாடாயிடும்." டைரியை மூடினார். "பதினொண்ணும் ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுக்கறப்போ. வாங்க, ஓட்டுங்க ஐயா."

அப்பா என்னைப் பார்த்தார். "இவன் ஓட்டட்டுமே."

"தம்பி ஓட்டினா தம்பி ஓட்டற மாதிரிதான் ஓடும். நிக்கறது உங்ககிட்டதானே? நீங்க ஓட்டுங்க."

அப்பா ஸ்டீயரிங்கில், பாய் பக்கத்தில், நான் பின்னால். அண்ணா சாலையில் போனோம். நந்தனம் தாண்டி சைதாப்பேட்டை நெருங்கும்போது தூரத்தில் சிகப்பு விழுந்தது. அப்பா வழக்கம்போல் வெகு முன்னாலேயே காலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார். பெட்ரோலைக் காசு மாதிரி எண்ணுகிறவர் அவர். கிளட்சை மிதித்தார். இன்ஜின் நின்றது.

அப்பாவின் கை சாவிக்குப் போனது.

"தொடாதீங்க ஐயா" என்றார் பாய். "திருடன் வீட்டுக்குள்ள இருக்கான். இப்போ ஆட்டினா ஓடிப்போயிடுவான்."

இதுதான் விஷயம். வண்டி செத்திருக்கும்போதுதான் சோதிக்க முடியும். ஒர்க்ஷாப்புக்கு அது உயிரோடு போகிறது. அங்கே ஓடுகிற வண்டியைத்தான் பார்க்கிறார்கள்.

சாவி ஆன் ஆகவே இருக்க, வண்டியைப் பூப்போலத் தள்ளி ஓரம் கட்டினோம். பாய் பையிலிருந்து எடுத்தது ஸ்கேனர் இல்லை. இரண்டு வயர் பற்றவைத்த ஒரு சின்ன பல்பு. ஒரு வயரை வண்டியின் பாடியில் கடிக்கவிட்டு, இன்னொன்றால் காயிலுக்குக் கரண்ட் வரும் முனையைத் தொட்டார். பல்பு எரிந்தது. பேட்டரி, சாவி, அதுவரை உள்ள வயர் எல்லாம் பாஸ். காயிலின் அடுத்த முனையைத் தொட்டார். எரிந்தது. காயிலும் பாஸ்.

"டிக்கில ஹேண்டில் இருக்கா ஐயா?"

இருந்தது. துணியில் சுற்றி, எண்ணெய் தடவி. காயிலிலிருந்து வரும் தடித்த வயரை டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலிருந்து பிடுங்கி, பொறி வந்தாலும் இன்ஜினுக்குப் போகாதபடி பாடியில் அண்ட வைத்தார். தப்பித்தவறி இன்ஜின் உதைத்தால் ஹேண்டில் கையை உடைத்துவிடும். "மெதுவா, கொஞ்சம் கொஞ்சமா சுத்துங்க தம்பி."

சுற்றினேன். பாயின்ட் மூடும்போது பல்பு அணைய வேண்டும். திறக்கும்போது எரிய வேண்டும். கண்சிமிட்ட வேண்டும். அது சிமிட்டவில்லை. ஒரேயடியாக எரிந்துகொண்டிருந்தது. அதாவது, காயிலைத் தாண்டி வந்த கரண்ட் பாயின்ட் வழியாக இறங்கவே இல்லை. மூடியைத் திறந்தார். பாயின்ட் புத்தம் புதுசு. அழகாகத் திறந்து மூடியது. வெளி முனைக்கும் பாயின்ட்டுக்கும் நடுவே மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று: இரண்டு அங்குல வயர்.

குறடு முனையால் அதை லேசாக இழுத்தார். வயர் ரப்பர் மாதிரி நீண்டது.

"உள்ள கம்பியே இல்ல. வெறும் தோல்தான் பிடிச்சிட்டிருக்கு."

ஒன்பதாயிரம் ரூபாய்க்கு அதைச் சுற்றி இருந்த எல்லாவற்றையும் மாற்றியிருந்தார்கள். அதை மட்டும் மாற்றவில்லை. பார்வைக்கு அது நன்றாக இருந்தது.

ஏன் அறுந்தது என்பதையும் காட்டினார். கார்புரேட்டரிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஒரு மெல்லிய வேக்குவம் குழாய் போகிறது. அதன் ஒரு முனையைக் கழற்றி வாயில் வைத்து, இளநீர் குடிப்பது போல் உறிஞ்சினார். பாயின்ட் உட்கார்ந்திருக்கும் தகடு 'டிக்' என்று லேசாகத் திரும்பியது. விட்டார், பழைய இடத்துக்கு வந்தது. ஆக்ஸிலேட்டரில் கால் வைத்து எடுக்கும்போதெல்லாம் இந்தத் தகடு இப்படி அசைகிறது. பொறி எந்தக் கணத்தில் பிறக்க வேண்டும் என்பதை இன்ஜினின் தேவைக்கேற்ப முன்பின் நகர்த்துவதற்கான ஏற்பாடு. தகடு அசையும்போதெல்லாம் அந்த வயரும் மடங்கி நிமிர்கிறது. நாற்பது வருஷம்! கட்டுக்கம்பியை நாலு முறை மடக்கினாலே அறுந்துவிடுகிறது.

"அப்போ நாங்க ஓட்டினா ஏன் நிக்கல பாய்?"

"பசங்க காலை படார்னு எடுப்பாங்க, படார்னு வைப்பாங்க. தகடும் படார்னு திரும்பும், அறுந்த முனை ரெண்டும் குலுங்கி ஒட்டிக்கும். வண்டி ஒரு வெட்டு வெட்டிட்டு ஓடிடும். ஐயா பொறுமையா எடுக்கறாரு. தகடு மெள்ளத் திரும்புது, முனை பிரிஞ்சு அப்படியே நின்னுடுது. அந்த நேரம் பார்த்து கிளட்சையும் மிதிக்கறாரு. இன்ஜின் என்ன பண்ணும்?" என்றவர், அப்பா பக்கம் திரும்பிச் சொன்னார்: "நீங்க சரியா ஓட்டினதாலதான் ஐயா இது தெரிஞ்சுது."

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டார்.

நான் பி.காம். படித்தவன். அந்தப் படிப்பில் இன்றுவரை மறக்காத பாடம் ஒன்று உண்டு. ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டால் கணக்கு சரி என்று அர்த்தம் இல்லை. ராமசாமி கணக்கில் எழுத வேண்டிய பற்றைக் கிருஷ்ணசாமி கணக்கில் எழுதிவிட்டாலும் இரண்டு பக்கமும் அழகாக டேலி ஆகும். கூட்டல் எந்தச் சத்தமும் போடாது. கிருஷ்ணசாமிதான் செய்யாத செலவைச் சுமந்துகொண்டு நிற்பார். எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். வண்டி நிற்கிறது, பார்ட்ஸ் எல்லாம் புதுசு, ஓட்டுகிறவருக்கு 79 வயது. கணக்கு டேலி. இரண்டு அங்குல வயரின் பற்று அப்பாவின் கணக்கில் ஏறிவிட்டது.

இது கார் சமாச்சாரம் மட்டும் இல்லை. இன்றைய வண்டிகளில் ஸ்கேனரை மாட்டினால் ஒரு கோடு சொல்லும். ஆனால், அது எந்தப் பகுதியில் தகராறு என்றுதான் சொல்கிறது; சென்சார் போயிற்றா, அதற்குப் போகும் வயர் போயிற்றா என்று பல சமயம் மனுஷன்தான் தேட வேண்டும். தேடச் சோம்பல்பட்டால் சென்சாரை மாற்றிவிட்டு பில் போடலாம். ஆஸ்பத்திரியில், ஆபீஸில், பள்ளிக்கூடத்தில் எங்கே பார்த்தாலும் 'என்ன கம்ப்ளெய்ன்ட்?' என்று கேட்கிறவர்கள்தான் அதிகம். 'எப்போ?' என்று கேட்பதற்கு நேரம் வேண்டும். பதிலைக் காதில் வாங்குவதற்கு, பதில் சொல்கிறவர் மேல் கொஞ்சம் மரியாதை வேண்டும்.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. நின்றால் உடனே திட்டாதீர்கள், குறித்து வையுங்கள். எப்போது, எங்கே, சூடாகவா ஆறியா, கால் எதில் இருந்தது. பார்ட் மாற்றினால் பழையதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நல்ல பார்ட்டாக இருந்தால் ஒருநாள் உதவும். எங்கள் பழைய காயில் இப்போது டிக்கியில் ஸ்பேராக இருக்கிறது, ஹேண்டிலுக்குப் பக்கத்தில்.

பாய், மெல்லிய இழைகள் நிறைய உள்ள வளையும் வயராகத் தேடி எடுத்துப் பற்றவைத்தார். தடித்த வயர் போட்டால் சீக்கிரமே அறுந்துவிடுமாம். 300 ரூபாய் வாங்கிக்கொண்டார். அதற்கப்புறம் வண்டி அப்படி நிற்கவில்லை. அத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, "மாமா, திருநீர்மலைக்கு ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாமா?" என்று கேட்டார். மன்னிப்பை அப்படியும் கேட்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அடுத்த மாதம் அப்பா தானாகவே போய்க் கண்ணைப் பரிசோதித்துக்கொண்டு வந்தார். வலது கண்ணில் புரை ஆரம்பம். எதிரே வரும் வண்டியின் லைட் கூசுகிறது என்று டாக்டரிடம் சொல்லியிருக்கிறார். எங்களிடம் சொல்லவில்லை. அன்றிலிருந்து, இருட்டினால் வண்டியை எடுப்பதில்லை என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். யாரும் சொல்லவில்லை. எதை யார் கணக்கில் எழுத வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.